கொடுவாத் தூண்டிற்கருவிகள்

கொடுவா என்பது கடலிலும் கழிமுகங்களிலும் வாழும் ஊனுண்ணி மீன் ஆகும். பள்ளிக்கரணை சதுப்புநிலத்தின் உபரிநீர் ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய் வழியாகச் சென்று சேரும் முட்டுக்காடு, கோவளம் கழிமுகப் பகுதியில் இம்மீன் காணப்படுகிறது.

கருவிகளின் தேர்வு

இதனைப் பிடிக்க ஏறத்தாழ 7 அடி நீளமுள்ள தூண்டிற்கோலும், 3000 அல்லது 4000 அளவெண் கொண்ட ரீலும் பொருத்தமானவை. பின்னல் இழை மெல்லியது, இழுபட்டு நீளாதது. ஆதலால் மீன் கவ்வுவது உடனே கைக்குத் தெரியும். ஆயினும் கொடுவாவின் செவுள்மூடியின் கூரிய விளிம்பு அவ்விழையை அறுத்துவிடும். அறுந்தால் முள் மீனின் வாயிலேயே தங்கிவிடும். எனவே, இழையின் நுனியில் சில அடி நீளத்திற்குத் தடித்த தங்கூசி கட்டப்படுகிறது. கொடுவா உண்ணும் மடவை, இறால் ஆகியவற்றின் வடிவிலான போலி இரைகள் ஏற்றவை.

பாதுகாப்பு

கொடுவா முதலில் ஆணாக முதிர்ந்து, பின்னர் பெண்ணாக மாறும். ஆகவே பெரிய மீன்களை மீண்டும் நீரில் விடுவது இனப்பெருக்கத்திற்கு உதவும்.