அலைகடலும் அன்புச் செய்தியும்

வடசென்னையிலே, மணலியை அடுத்து மாத்தூர் என்னும் ஊர் இருக்கிறது. முன்பு தனி ஊராட்சியாக இருந்த அவ்வூர் 2011ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. அருகில் மணலியின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, கிழக்கே திருவொற்றியூரும் எண்ணூரும், அவற்றிற்கப்பால் கடல். அக்கரையோரத்தில் சென்னைத் துறைமுகமும் எண்ணூரின் காமராசர் துறைமுகமும் அமைந்துள்ளன. கப்பல் வேலைக்குச் சென்று பல மாதங்கள் வீடு திரும்பாதிருப்போரும், வடநாட்டில் மனைவி மக்களை விட்டு வந்து இங்கே ஆலைகளில் உழைப்போரும் இவ்வட்டாரத்தில் உண்டு. பிரிவு இங்கே அன்றாட வாழ்க்கையின் ஓர் அங்கம். பிரிந்திருப்போரை இணையம் எவ்வாறு சேர்த்து வைக்கிறது என்பதை இவ்விடத்திலிருந்தே ஆராய்வோம்.

சென்னைக்கும் கடல் கடந்த செய்திக்கும் உள்ள தொடர்பு பழமையானது. 1871ஆம் ஆண்டிலேயே சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குக் கடலடித் தந்திக் கம்பி இயங்கலாயிற்று. ஆயினும் தந்தியிலே சொல்லுக்குச் சொல் கட்டணம். ஆகவே, நல்லதோ கெட்டதோ, அவசரச் செய்தி மட்டுமே அதில் சென்றது. நலம் விசாரிப்பதெல்லாம் கடிதத்தின் பொறுப்பாயிற்று. இந்தியாவில் தந்திச் சேவை 2013 ஜூலையில் முடிவுற்றது. அதற்குமுன்பே, 1995 ஆகஸ்டு 15ஆம் நாள், பொதுமக்களுக்கான இணையச் சேவை நம் நாட்டில் தொடங்கியிருந்தது. 2002இல் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர் நீளமுள்ள கண்ணாடி இழை வடம் கடலடியில் செயற்படத் தொடங்கியது. கண்ணாடிக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் செல்லும். ஆதலால் இக்கரையில் எழும் சொல் அக்கரையை எட்ட ஒரு நொடியில் அறுபதில் ஒரு பங்கு நேரமே போதும்.

இணையத்தில் செய்தி செல்லும் முறை விந்தையானது. நீண்ட கடிதம் ஒன்றை எழுதி, அதன் பக்கங்களைத் தனித்தனி உறைகளில் இட்டு, ஒவ்வொன்றின்மேலும் முகவரியும் பக்க எண்ணும் எழுதி அஞ்சலில் சேர்த்ததாக வைத்துக்கொள்ளுங்கள். உறைகள் வெவ்வேறு வழியே போகலாம், முன்பின்னாகவும் சேரலாம். பெறுபவர் எண்வரிசைப்படி அடுக்கிப் படித்துக்கொள்வார். ஒரு பக்கம் வரவில்லையெனில் மீண்டும் அனுப்பச் சொல்வார். இணையமும் நம் எழுத்தையும் படத்தையும் குரலையும் இவ்வாறே சிறு சிறு பொதிகளாகப் பிரித்து அனுப்புகிறது.

இங்கே ஒரு வேறுபாட்டை மாணவர்கள் மனத்திற் கொள்ள வேண்டும். எழுத்துச் செய்தியிலே ஒரு பொதி தவறினால் கருவி அதைத் திரும்பக் கேட்டு வாங்கும். செய்தி தாமதமானாலும் குறையின்றி வந்து சேரும். நேர்ப்பேச்சிலோ காத்திருக்க நேரமில்லை. காலந்தாழ்ந்து வரும் பொதியைக் கருவி தள்ளிவிட்டு மேலே செல்கிறது. அதனாலேயே தொடர்பு நலிந்திருக்கும்போது குரல் விட்டுவிட்டுக் கேட்கிறது. முகம் அசையாது நின்றுவிடுகிறது. அதே நலிந்த தொடர்பில் இரண்டு வரிச் செய்தி தடையின்றிச் சென்றுவிடும்.

நடுக்கடலில் செல்லும் கப்பலுக்கு இவ்வேறுபாடு மிகவும் முக்கியமானது. அங்கே வடமும் இல்லை, கைப்பேசிக் கோபுரமும் இல்லை, செயற்கைக்கோளே துணை. பூமத்தியரேகைக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்பதுபோல் தோன்றும் செயற்கைக்கோள் வழியாகப் பேசினால், கேள்வி போய் விடை திரும்ப அரை நொடிக்குமேல் ஆகிறது. அந்த இடைவெளியை அறியாத இருவர் ஒரே சமயத்தில் பேசத் தொடங்கி, ஒரே சமயத்தில் நிறுத்திவிடுவர். அண்மைக்காலத்தில் சுமார் 550 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் இத்தாமதத்தை வெகுவாகக் குறைத்துள்ளன. ஆனால் அவ்வசதி எல்லாக் கப்பல்களிலும் இல்லை.

நேர வேறுபாடும் உண்டு. மாத்தூரில் இரவு 9 மணி ஆகும்போது பனாமாவில் முற்பகல் 10.30. வீட்டார் ஓய்ந்து அமரும் அவ்வேளையில் மகன் கப்பலில் காவற்பணியில் நிற்கலாம். ஆதலால் முதலில் எழுத்துச் செய்தி அனுப்பி, ஓய்வு நேரத்தைக் கேட்டறிந்து, பிறகு அழைப்பதே தக்கது. எழுதப் படிக்க அறியாத தாய்க்குக் குரற்செய்தி பெரும் உதவி. தன் பேச்சைப் பதிந்து அனுப்பினால், அது மகன் கண்விழிக்கும் வரை அவனுக்காகக் காத்திருக்கும். ஒடியா பேசும் தொழிலாளிக்கும் ஊரிலுள்ள பெற்றோருக்கும் இதுவே எளிய வழி.

வீட்டாரோடு பேசுவது மாலுமிக்கு வெறும் பொழுதுபோக்கா? 2020ஆம் ஆண்டுப் பெருந்தொற்றுக் காலத்தில், ஒப்பந்தக் காலம் முடிந்தும் ஏறத்தாழ 4 லட்சம் மாலுமிகள் கப்பலிலிருந்து இறங்க இயலாது தவிப்பதாகப் பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு மதிப்பிட்டது. அத்துன்பத்தின் பின்னர், 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை 2022இல் திருத்தப்பெற்றது. திருத்தங்கள் 2024 டிசம்பர் 23 முதல் நடைமுறைக்கு வந்தன. கப்பலில் அளிக்கவேண்டிய வசதிகளுள் பிறரோடு தொடர்புகொள்ளும் வசதியும் ஒன்றென அவை கூறுகின்றன. இயன்றவரை இணைய வசதி அளிக்கவேண்டும், கட்டணம் இருப்பின் நியாயமானதாக இருக்கவேண்டும் என்பது கப்பல் உரிமையாளருக்குக் கூறப்பட்ட நெறி. தம் துறைமுகங்களில் நிற்கும் கப்பல்களின் மாலுமிகளுக்கு இவ்வசதி கிட்டச் செய்யுமாறு நாடுகளுக்கும் அந்நெறி கூறுகிறது. எண்ணூருக்கு அப்பால் நங்கூரமிட்டுக் காத்திருக்கும் அயல்நாட்டு மாலுமிக்கும் எங்கோ ஒரு வீடு உண்டல்லவா?

எச்சரிக்கை ஒன்றும் தேவை. பல செயலிகளில் செய்தி, அனுப்புபவரும் பெறுபவரும் அன்றி இடையில் எவரும் படிக்க இயலாதவாறு பூட்டப்பட்டே செல்கிறது. ஆயினும் எதிரே இருப்பவர் உண்மையில் நம்மவர்தாமா என்பதை அப்பூட்டு சொல்லாது. “அத்தை, புது எண்ணிலிருந்து எழுதுகிறேன், அவசரமாகப் பணம் வேண்டும்” என்று செய்தி வந்தால், பழைய எண்ணுக்கு அழைத்துக் குரலைக் கேட்டபின்பே எதையும் செய்ய வேண்டும். ஒருமுறைக் கடவுச்சொல்லை எவருக்கும் கூறலாகாது. ஏமாற்றப்பட்டுப் பணம் இழந்தோர் தாமதியாது 1930 என்னும் எண்ணை அழைக்க வேண்டும்.

மாணவர்களே! முற்காலத்தில் பள்ளியிற் படிக்கும் பிள்ளை, தெருவிலுள்ள முதியோருக்குக் கடிதம் படித்துக் காட்டுவான். அவர்கள் சொல்லச் சொல்ல விடையும் எழுதிக் கொடுப்பான். அப்பணி இன்று உங்களுடையது. பாட்டியின் கைப்பேசியில் பேரனின் படத்தைப் பெயரோடு சேர்த்து வையுங்கள். குரற்செய்தி அனுப்பக் கற்றுக்கொடுங்கள். பழகும்வரை பொறுமையோடு உடனிருங்கள். பிறர் பேச்சை ஒட்டுக்கேளாதிருக்கும் நாகரிகமும் வேண்டும். வடமும் செயற்கைக்கோளும் வழியை அமைத்துத் தரும். அவ்வழியே செல்லவேண்டிய சொல்லையும், அதற்குரிய நேரத்தையும் நாம்தான் தரவேண்டும்.