விட்டுவிட்டு எரியும் முகப்பு விளக்கு

மோட்டார் சைக்கிளின் ஹாலஜன் பல்பைக் கழற்றிவிட்டு எல்இடி பல்பைப் பொருத்துவோருக்கு வெளிச்சம் கூடுகிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் அவர்களில் பலர், வண்டி நின்ற நிலையில் எஞ்சின் மெல்ல ஓடும்போது விளக்கு நடுங்குவதையும், மேடு பள்ளத்தில் ஏறி இறங்கும்போது அணைந்து எரிவதையும் சில நாட்களிலேயே கண்டுவிடுகின்றனர். பல்பில்தான் குறை என்று முடிவுசெய்து ஒன்றன்பின் ஒன்றாகப் பல்புகளை மாற்றிப் பார்ப்பதே வழக்கமாக நடக்கிறது. இது பெரும்பாலும் வீண் செலவு. இழை பல்பு பல ஆண்டுகளாக மறைத்துவந்த மின்னழுத்த ஏற்ற இறக்கத்தை எல்இடி ஒளிக்காமல் காட்டிவிடுகிறது என்பதால், விளக்கு எந்தெந்த நேரத்தில் மினுக்குகிறது என்பதைக் கூர்ந்து பார்ப்பவரால் கோளாறு இருக்கும் இடத்தைக் கருவி எதையும் எடுப்பதற்கு முன்பே பாதியளவு கண்டறிந்துவிட முடியும்.

ஹாலஜன் பல்பின் டங்ஸ்டன் இழை 2,500 டிகிரி செல்சியஸுக்கும் மேல் சூடேறி ஒளிவிடுகிறது. அடுப்பை அணைத்த பின்னும் தோசைக்கல்லில் சூடு தங்கியிருப்பது போல, மின்சாரம் நொடியில் ஒரு சிறு பங்கு நேரம் தடைபட்டாலும் இழையின் வெப்பம் உடனே இறங்குவதில்லை. ஆதலால் ஒளியும் அறுபடுவதில்லை. எல்இடி வெப்பத்தால் ஒளிர்வதன்று. ஒரே திசையில் மட்டும் மின்சாரத்தைச் செல்லவிடும் குறைகடத்திச் சில்லில் நீல ஒளி பிறக்க, அதன்மேல் பூசப்பட்ட பாஸ்பர் என்னும் ஒளிர்பொருள் அதில் ஒரு பகுதியை மஞ்சளாக மாற்ற, இரண்டும் கலந்து வெண்மையாகத் தெரிகின்றன. மின்சாரம் நின்றவுடன் சில்லும் பாஸ்பரும் ஒரு மைக்ரோ விநாடிக்கும் குறைவான நேரத்தில் இருண்டுவிடுகின்றன என்பதால், மின்சாரத்தில் உள்ள ஒவ்வோர் இடைவெளியும் ஒளியிலும் இடைவெளியாகவே தெரிகிறது.

இந்தியச் சாலைகளில் ஓடும் 100, 110 சிசி வண்டிகள் பலவற்றில், குறிப்பாகச் சற்றுப் பழையவற்றில், முகப்பு விளக்குக்கு மின்சாரம் பேட்டரியிலிருந்து வருவதில்லை என்பது பலர் அறியாத செய்தி. எஞ்சினோடு சுழலும் காந்தத்துக்குள், மெக்கானிக்குகள் காயில் பிளேட் என்று சொல்லும் கம்பிச்சுருள் தொகுதி ஒன்று இருக்கிறது. அதில் பிறக்கும் மாறுதிசை மின்சாரம், அதாவது நொடிக்குப் பலமுறை திசை மாறும் ஏசி மின்சாரம், ஆர்ஆர் யூனிட் எனப்படும் மின்னழுத்தச் சீராக்கியால் வரம்புக்குள் அடக்கப்பட்டு நேரே விளக்குக்குச் செல்கிறது. இத்தகைய வண்டியில் எஞ்சின் ஓடாவிட்டால் விளக்கு எரியாது. ஆக்சிலரேட்டரை முறுக்க முறுக்க வெளிச்சம் ஏறும். 2017 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் விற்கப்படும் புதிய இருசக்கர வாகனங்களில் எஞ்சின் ஓடும்போது முகப்பு விளக்கும் தானாக எரிய வேண்டும் என்ற விதி வந்த பிறகு, விளக்கை அணைக்கும் சுவிட்சே இல்லாமல் போனதால், இந்த நடுக்கத்தைப் பகலிலும் பலர் கவனிக்கத் தொடங்கினர்.

நடுக்கத்தின் வேகத்தைக் கணக்கிட்டும் பார்க்கலாம். நிமிடத்துக்கு 1,200 சுற்று ஓடும் எஞ்சின் நொடிக்கு 20 முறை சுற்றுகிறது. காந்தச் சக்கரத்தில் 8 முனைகள் இருந்தால் ஒரு சுற்றுக்கு 4 அலைகள் வீதம் நொடிக்கு 80 அலைகளும், 4 முனைகள் மட்டுமே கொண்ட பழைய வண்டியில் 40 அலைகளும் பிறக்கின்றன. பல சிறிய வண்டிகளின் ஆர்ஆர் யூனிட் அலையின் ஒரு பாதியைப் பேட்டரிக்கும் மறு பாதியை விளக்குக்கும் பிரித்துக் கொடுப்பதால், எல்இடி பாதி நேரம் முழு இருளில் இருக்கிறது. நொடிக்கு 40 முறை அணைந்து எரியும் ஒளியை எந்தக் கண்ணும் கண்டுகொள்ளும். 80 முறை என்றால் நேராகப் பார்க்கையில் சீராகத் தோன்றினாலும், கடைக்கண்ணால் பார்க்கும்போதோ பார்வையைத் திருப்பும்போதோ நடுக்கம் புலப்பட்டுவிடும். ஆக்சிலரேட்டரை முறுக்கியதும் மினுக்கம் மறைந்துபோகிறது என்றால், அலைகளின் எண்ணிக்கை கண்ணுக்கு எட்டாத அளவுக்கு உயர்ந்துவிட்டது என்பதே அதன் பொருள்.

இதற்கு மருந்தாகக் கடைகளில் விற்கப்படும் சிறிய கெப்பாசிட்டர், அதாவது மின்னூட்டத்தைச் சற்று நேரம் தேக்கிவைக்கும் மின்தேக்கி, பலரை ஏமாற்றிவிடுகிறது. 18 வாட் எல்இடி பல்பு ஏறத்தாழ ஒன்றரை ஆம்பியர் மின்சாரத்தை இழுக்கிறது. நொடிக்கு 80 அலையில் ஒரு பாதி மட்டும் கிடைக்கும் இணைப்பில், அடுத்த அலை வரும்வரை ஏறக்குறைய 12 மில்லி விநாடி அந்த மின்தேக்கியே பல்பைத் தாங்கியாக வேண்டும். 1,000 மைக்ரோஃபாரட் அளவுள்ளது அதற்குள் முழுவதும் வற்றிவிடும், 4,700 மைக்ரோஃபாரட் உள்ளதில்கூட அழுத்தம் 4 வோல்ட் வரை சரியும். நிலைத்த தீர்வு விளக்கைப் பேட்டரியின் ஒருதிசை மின்சாரத்துக்கு, அதாவது டிசிக்கு, மாற்றுவதுதான். அதிலும் விளக்கின் கம்பியை மட்டும் எடுத்துப் பேட்டரியில் இணைத்துவிட்டால், அரை அலையால் மட்டுமே சார்ஜ் ஆகும் பேட்டரி நாளடைவில் வறண்டுபோகும் வாய்ப்பு உண்டு. காயில் பிளேட்டின் எர்த் இணைப்பை வண்டியின் உலோகச் சட்டத்திலிருந்து விடுவித்து, முழு அலையையும் பயன்படுத்தும் ஆர்ஆர் யூனிட்டைப் பொருத்தும் டிசி கன்வெர்ஷனே முறையான வேலை. காந்தத்தின் மூடியைத் திறந்து செய்ய வேண்டியிருப்பதால் அனுபவமுள்ள ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் விடுவது நல்லது.

விளக்கு பேட்டரியிலிருந்தே எரியும் வண்டிகளில், ஆலையிலேயே எல்இடி பொருத்தி வந்தவையும் இவற்றுள் அடங்கும், விசாரணை வேறு திசையில் செல்ல வேண்டும். முழுதாகச் சார்ஜ் ஆன 12 வோல்ட் ஈய அமிலப் பேட்டரி எஞ்சின் ஓடாதபோது 12.6 வோல்ட்டை ஒட்டியும், எஞ்சின் சற்று விரைந்து ஓடும்போது 13.5 முதல் 14.5 வோல்ட் வரையும் காட்ட வேண்டும். 15-ஐத் தாண்டினால் ஆர்ஆர் யூனிட் கட்டுப்பாட்டை இழந்துவிட்டது என்று கொள்ளலாம். எல்இடியின் உள்மின்சுற்று அந்த மிகை அழுத்தத்தால் பாதிக்கப்படும். பேட்டரி மின்சாரத்தைச் சேமிப்பதோடு, ஆர்ஆர் யூனிட்டிலிருந்து அலையலையாக வரும் மின்சாரத்தைச் சமன்படுத்தும் வேலையையும் செய்கிறது என்பது பெரும்பாலும் மறக்கப்படுகிறது. முனைகள் தளர்ந்தோ உள்தகடுகள் கெட்டோ போன பேட்டரியால் அந்த வேலையைச் செய்ய முடியாது. எஞ்சின் ஓடும்போது மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டுக்குத் திருப்பிப் பேட்டரி முனைகளில் வைத்தால், அரை வோல்ட்டுக்கு மேல் காட்டும் வண்டியில் பேட்டரியையும் ஆர்ஆர் யூனிட்டையும்தான் முதலில் ஐயுற வேண்டும். ஹாரன் அடிக்கும்போதும், இண்டிகேட்டர் மினுக்கும் ஒவ்வொரு துடிப்பிலும், விளக்கும் சேர்ந்து மங்குவது பேட்டரி வலுவிழந்துவிட்டதற்கோ, எல்லாவற்றுக்கும் பொதுவான எர்த் கம்பி தளர்ந்துவிட்டதற்கோ அடையாளம்.

தளர்ந்த எர்த் கம்பியும், கம்பிகளை இணைக்கும் கப்ளர்களும் எல்இடியை இவ்வளவு பாதிப்பதற்குக் காரணம், பல்புக்குள் இருக்கும் டிரைவர் என்னும் மின்னோட்டச் சீராக்கி. ஒளியை ஒரே அளவில் வைத்திருப்பதே அதன் வேலை என்பதால், வரும் அழுத்தம் குறைந்தால் அது கூடுதல் மின்னோட்டத்தை இழுத்து ஈடுசெய்கிறது. துருவேறிய இணைப்பு ஒன்று வழியில் இருந்தால் கூடுதல் மின்னோட்டம் அங்கே கூடுதல் இழப்பை உண்டாக்க, டிரைவருக்கு வரும் அழுத்தம் மேலும் சரிய, ஒரு கட்டத்தில் அது தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடுகிறது. அணைந்ததும் இழப்பு நீங்கி அழுத்தம் மீள்கிறது, டிரைவர் மீண்டும் எழுகிறது, மீண்டும் விழுகிறது. அதே இணைப்பில் ஹாலஜன் பல்பு சற்று மங்கலாக எரிந்திருக்கும், அவ்வளவுதான். பழைய பல்பு போட்டால் சரியாக எரிகிறது, ஆகவே வயரிங்கில் குறையில்லை என்ற வாதம் இதனால்தான் நிற்பதில்லை.

இத்தகைய குறையைத் தேடும்போது எஞ்சினை ஓடவிட்டு ஹேண்டில் பாரை இரு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பார்க்க வேண்டும். ஸ்டியரிங் தலையருகே வயரிங் செட் ஆண்டுக்கணக்கில் மடங்கி நிமிர்வதால், உறை முழுமையாக இருக்க உள்ளே செம்பு இழைகள் அறுந்திருப்பது உண்டு. பிறகு டூம் எனப்படும் முகப்பு விளக்குக் கூட்டின் பின்னாலுள்ள ஹோல்டர், டிம் பிரைட் சுவிட்ச், சாவி சுவிட்சின் கப்ளர் ஆகியவற்றை ஒவ்வொன்றாக விரலால் மெல்ல அசைத்தால், குறையுள்ள இடத்தைத் தொடும்போது ஒளி மாறும். பச்சை படிந்த பின்களைச் சுரண்டித் துடைத்து இறுக்கினாலே பல வண்டிகள் குணமாகிவிடும். கடற்கரை ஊர்களிலும் மழைக்காலத்திலும் இந்தப் பச்சை மிக விரைவாகப் படிகிறது. எர்த் கம்பியைச் சோதிக்க, விளக்கு எரிந்துகொண்டிருக்கையில் மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸிலும் மறு முனையைப் பல்பின் மைனஸிலும் வைத்தால் போதும், 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் வழியில் எங்கோ தடை இருக்கிறது. பேட்டரி மைனஸிலிருந்து பல்புக்குத் தற்காலிகமாகத் தனிக் கம்பி ஒன்றை இழுத்ததும் நடுக்கம் நின்றுவிட்டால் ஐயம் உறுதியாகிறது.

பத்து நிமிடம் நன்றாக எரிந்து, பிறகு மங்கியோ விட்டுவிட்டோ எரியும் விளக்கில் வெப்பமே காரணமாக இருக்கும். ஹாலஜன் தன் வெப்பத்தில் பெரும்பகுதியை ஒளியோடு முன்புறமாக வீச, எல்இடியின் வெப்பம் சில்லின் பின்புறமாக அலுமினியத் தண்டுக்குள் இறங்குகிறது. அங்கே சிறிய விசிறி நின்றுபோனாலோ, பின்புற ரப்பர் மூடி காற்றை முற்றிலும் அடைத்துவிட்டாலோ, டிரைவர் மின்னோட்டத்தைக் குறைத்து அல்லது துண்டித்துத் தன்னைக் காத்துக்கொள்கிறது. விசிறி ஓடியும் இது தொடர்ந்தால் பல்பையே மாற்ற வேண்டியதுதான். பல்பு நல்லதா என்று தெரிந்துகொள்ள, ஃபியூஸ் இணைத்த கம்பியால் அதைப் பேட்டரியில் நேரடியாகச் செருகிக் கால் மணி நேரம் எரியவிட்டுப் பார்க்கலாம்.

கணினி கண்காணிக்கும் வயரிங் கொண்ட வண்டிகளில், 2004-இல் வெளிவந்த பிஎம்டபிள்யூ ஆர் 1200 ஜிஎஸ் போன்றவற்றில், பல்பு அறுந்துவிட்டதா என்பதைக் கட்டுப்பாட்டுக் கருவி அது இழுக்கும் மின்னோட்டத்தைக் கொண்டே அறிகிறது. ஹாலஜனைவிட மிகக் குறைவாக இழுக்கும் எல்இடியைக் கண்டு பிழை அறிவிப்பதும், சில வண்டிகளில் சோதனைக்காக அனுப்பப்படும் நுண்துடிப்புகளால் பல்பு மினுக்குவதும் இதனால்தான். 6 ஓம் மின்தடையைப் பல்புக்கு இணையாகப் பொருத்துவது ஒரு வழி. ஆனால் 14 வோல்ட்டில் அது 30 வாட்டுக்கும் மேல் வெப்பமாக வீணாக்கும் என்பதால் பிளாஸ்டிக்கைத் தொடாமல் உலோகச் சட்டத்தில் இறுக்கியாக வேண்டும். மின்சாரத்தைச் சேமிக்க எல்இடி போட்டுவிட்டு, சேமித்ததை மின்தடையில் எரிப்பது நல்ல ஏற்பாடாகத் தோன்றவில்லை. அந்த வண்டிக்கென்றே தயாரிக்கப்பட்ட பல்பை வாங்குவது மேல். இன்னொன்று: செல்பேசிக் கேமராவில் மட்டும் தெரியும் மினுக்கம் கோளாறன்று. ஒளியின் அளவைக் கட்டுப்படுத்தச் சில விளக்குகள் நொடிக்குப் பல நூறு முறை திட்டமிட்டே அணைந்து எரிகின்றன. கேமராவின் படப்பிடிப்பு வேகம் அதனோடு பொருந்தாதபோது அது பட்டைகளாகப் பதிவாகிறது.

உண்மையான மினுக்கத்தைப் பொறுத்துக்கொண்டு ஓட்டுவது ஆபத்தானது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்கு ஏறத்தாழ 17 மீட்டர் செல்கிறது. விளக்கு நொடியில் பத்தில் ஒரு பங்கு அணைந்தாலே ஒன்றரை மீட்டருக்கு மேல் இருளில் கடந்திருப்பார் ஓட்டுநர். நொடிக்கு 3 முதல் 70 முறை வரை துடிக்கும் ஒளி, ஒளியால் தூண்டப்படும் வலிப்பு நோய் உடையவர்களுக்குத் தீங்கானது என்பதால், எதிரே வருபவரையும் எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது. அமெரிக்காவில், பிறர் கவனத்தை ஈர்ப்பதற்காக மோட்டார் சைக்கிள் முகப்பு விளக்கை நிமிடத்துக்கு 240 முறை அளவில் துடிக்கவைக்கும் கருவிக்குச் சட்ட அனுமதி உண்டு. ஆயினும் இருட்டியதும் துடிப்பைத் தானாக நிறுத்தும் ஒளியுணரி அதில் இருந்தாக வேண்டும் என்பது நிபந்தனை.

ஹாலஜனுக்காக வடிவமைத்த பிரதிபலிப்பானில் எல்இடி பல்பைப் போடும்போது இன்னும் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். இழை இருந்த அதே புள்ளியில் சில்லுகள் அமையாவிட்டால் ஒளி சிதறி எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்யும். உற்பத்தியாளர் தந்த வடிவத்தை மாற்றுவதற்கு 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு வரம்புகளும் விதிக்கிறது. மிகை மின்சாரத்தை வண்டியின் உலோகச் சட்டத்துக்குத் திருப்பி அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வகை ஆர்ஆர் யூனிட்டோ, 35 வாட் பல்பு போய் 18 வாட் வந்ததும் முன்பைவிட அதிகமாகத் திருப்பிவிட வேண்டியிருப்பதால் கூடுதலாகச் சூடாகும். அதன் துடுப்புகளில் சேறு அப்பாமல் காற்றுப் படும்படி வைத்திருப்பது அவசியம்.

பழுது நீங்கியதா என்பதைப் பட்டறை வாசலில் பகல் வெளிச்சத்தில் முடிவுசெய்யக் கூடாது. இரவில் ஒரு சுவரின் முன்னே வண்டியை நிறுத்தி, எஞ்சினை மெல்ல ஓடவிட்டு, டிம்மிலும் பிரைட்டிலும் ஹேண்டிலை இரு பக்கமும் திருப்பியும், இண்டிகேட்டரையும் பிரேக் விளக்கையும் ஹாரனையும் ஒருசேர இயக்கியும் சுவரில் விழும் ஒளியைப் பார்க்க வேண்டும். பிறகு இருபது நிமிடம் ஓட்டிச் சூடேறிய நிலையில் இதே சோதனையை மறுபடியும் செய்ய வேண்டும்.