80-வது பயணத்தில் கேட்ட சத்தம்

கடலில் பத்து மீட்டர் இறங்கினால் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். டைட்டானிக் கிடக்கும் 3,800 மீட்டர் ஆழத்தில், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மீதும் சுமார் 380 கிலோ எடை அழுத்துகிறது. அதனால்தான் ஆழ்கடல் கலங்களில் ஆள் அமரும் அறையை உலோகப் பந்தாகச் செய்வது வழக்கம். பந்து வடிவத்தில் அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவிவிடும். சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கிவரும் மத்ஸ்யா 6000 கலத்துக்கும் இதே வடிவம்தான்: 2.1 மீட்டர் விட்டம், 80 மில்லிமீட்டர் தடிப்புள்ள டைட்டானியம், உள்ளே மூன்றே பேர்.

அமெரிக்காவின் ஓஷன்கேட் நிறுவனத் தலைவர் ஸ்டாக்டன் ரஷ்ஷுக்கு மூன்று பேர் போதவில்லை. தலைக்கு 2,50,000 டாலர் வாங்கிக்கொண்டு ஐந்து பேரை டைட்டானிக்குக் கூட்டிப்போக நினைத்தார். அதற்காக அவர் கட்டிய 'டைட்டன்' பந்து அல்ல, ஓர் உருளை. ஐந்து அங்குலத் தடிப்பில் கார்பன் ஃபைபர். இரு முனையிலும் பசை போட்டு ஒட்டிய டைட்டானிய வளையங்கள். அவற்றின் மேல் அரைக்கோள மூடிகள்.

கார்பன் ஃபைபர் மட்டமான சரக்கு இல்லை. விமானமே அதில் செய்கிறார்கள். ஆனால் அதன் பலமெல்லாம் இழுவிசையைத் தாங்குவதில் இருக்கிறது. கயிற்றைக் கட்டி லாரியை இழுக்கலாம், கயிற்றால் தள்ள முடியாது. ஆழ்கடலோ கலத்தை எல்லாப் பக்கமிருந்தும் நெருக்குகிறது. அங்கே இழைகளைப் பிடித்துவைத்திருக்கும் பிசினும், அடுக்குகள் பிரியாமல் ஒட்டியிருப்பதும்தான் உயிர்நாடி.

டைட்டனின் முதல் உருளையில் 2019-ல் விரிசல் கண்டு, அதைக் கழித்துவிட்டார்கள். இரண்டாவதை ஓர் அங்குலம் ஓர் அங்குலமாகச் செய்தார்கள். ஓர் அடுக்கைச் சுற்றி, சூடேற்றி இறுக வைத்து, மேலே எழும்பிய சுருக்கங்களைத் தேய்த்துச் சமன்செய்து, பசை தடவி அடுத்த அடுக்கு. இப்படி ஐந்து முறை. சுருக்கத்தைத் தேய்த்தால் இழையும் சேர்ந்து அறுபடும். நொறுங்கிய துண்டுகளை ஆராய்ந்த அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், சுருக்கங்களையும் நுண்துளைகளையும் அடுக்குகளின் பிரிவையும் கண்டது.

சுயேச்சையான சான்றிதழ் வாங்க ரஷ் மறுத்தார். புதுமைக்கு அது முட்டுக்கட்டை என்பது அவர் கட்சி. உருளையை முறையாகப் பரிசோதிக்கச் சொன்ன கடல் நடவடிக்கை இயக்குநர் டேவிட் லாக்ரிட்ஜ் 2018-ல் வேலையை இழந்தார். பதிலுக்கு ரஷ் நம்பியது, உருளையில் பொருத்திய ஒலி உணரிகளையும், உருளை எவ்வளவு நெளிகிறது என்று அளக்கும் திரிபுமானிகளையும். இழை அறுந்தால் அவை முன்கூட்டியே சொல்லிவிடும் என்றார். நொறுங்குவதற்குச் சில மில்லிவினாடிகள் முன்பு சொல்லி என்ன பயன் என்பது லாக்ரிட்ஜின் வாதம்.

நடந்தது இன்னும் மோசம். கருவி பதினொரு மாதம் முன்பே சொல்லிவிட்டது. 2022 ஜூலை 15, 80-வது பயணம். டைட்டன் மேலே வந்துகொண்டிருந்தபோது பெரிய சத்தம் ஒன்று கேட்டது. கலத்தைத் தாங்கும் சட்டகத்துக்குள் உருளை இடம் நகர்ந்த சத்தம் என்று ரஷ் விளக்கம் சொன்னார். திரிபுமானிகளின் பதிவுகள் அன்றோடு மாறிப்போயின. உருளை பழையபடி நடந்துகொள்ளவில்லை. அடுக்குகள் பிரிந்ததன் அடையாளம் அது. கலத்தைக் கழற்றிப் பார்க்க அந்தப் பதிவுகளே போதும். அவர்களோ அதே கோடையில் மறுபடி கடலில் இறக்கினார்கள். பிறகு நியூஃபவுண்ட்லாந்தின் குளிர்காலம் முழுக்கக் கலம் திறந்தவெளியில் கிடந்தது. பிசின் பிரிந்த இடத்தில் ஈரம் புகுந்து உறைந்தால் என்னவாகும் என்று யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

2023 ஜூன் 18, 88-வது பயணம். கிளம்பி ஒன்றேமுக்கால் மணி நேரம் ஆகுமுன் கலம் உள்நோக்கி நொறுங்கியது. ரஷ் உட்பட ஐந்து பேரும் அந்தக் கணமே இறந்தார்கள். நான்கு நாள் தேடலுக்குப் பின் டைட்டானிக்கின் முன்பகுதியிலிருந்து ஏறத்தாழ 500 மீட்டர் தூரத்தில் சிதிலங்கள் கிடைத்தன.

இந்த விபத்தைத் தவிர்த்திருக்கலாம் என்கிறது அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் 2025 ஆகஸ்ட் அறிக்கை. டைட்டன் எங்கும் பதிவு செய்யப்படவில்லை. காசு கொடுத்து வந்தவர்களைப் பயணிகள் என்று சொல்லாமல் 'பணி நிபுணர்கள்' என்று கணக்கில் காட்டியதால் பயணிக் கப்பல் சட்டங்களும் தொடவில்லை. ஆராய்ச்சிக் கலம் என்ற பெயரில் நீர்மூழ்கிகள் பெறும் சலுகையைக் கட்டுப்படுத்த வேண்டும் என்பதும் அறிக்கையின் பரிந்துரைகளில் ஒன்று.