‘ராத்திரி’ என்றால் எத்தனை மணி?

“ராத்திரி வந்து தங்கி எங்கள் நாயைப் பார்த்துக்கொள்ளுங்கள்” என்று ஒருவர் கேட்டால், எத்தனை மணிக்கு அவர் வீட்டுக்குப் போவீர்கள்? அரங்கில் இதைத்தான் முதலில் கேட்டேன். ஒருவர் 7 மணி என்றார். இன்னொருவர் சாப்பிட்டுவிட்டு 10 மணிக்கு என்றார். ஓர் அம்மா, “விளக்கு வைக்கிற நேரத்துக்குப் போயிடணும்” என்றார். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

சிம்பாங் பூலாய் சகோதரி ஒருவரின் அனுபவம் இது. பகலில் தொழிற்சாலை வேலை. விடுமுறைக் காலத்தில் பிறர் வீட்டில் இரவு தங்கி வளர்ப்புப் பிராணிகளைக் கவனிப்பதில் கொஞ்சம் உபரி வருமானம். அதே தாமானில் உள்ள ஒரு குடும்பம் பள்ளி விடுமுறைக்குக் கேமரன் மலைக்குப் புறப்பட்டது. இரவு 9 முதல் காலை 7 வரை என்று இவர் நினைத்தார். தாங்கள் கேட்டைப் பூட்டிய நண்பகலிலிருந்து திரும்பி வரும் வரை என்று அவர்கள் நினைத்தார்கள். அன்று மாலை நல்ல இடி மழை. இவர் போய்ப் பார்த்தபோது தண்ணீர்க் கிண்ணம் கவிழ்ந்து கிடந்தது. நாய் பயத்தில் கதவைப் பிறாண்டி, நகத்தில் ரத்தம். பேசிய பணத்தில் பாதியைப் பிடித்துக்கொண்டார்கள்.

யார் மேல் தப்பு? இரண்டு பேர் மேலும்தான். ‘தெரிஞ்சவங்க, கணக்குப் பேசினா நல்லா இருக்காது’ என்ற கூச்சம் நம்மிடம் அதிகம். தோட்டத்தில் லயத்து வீடுகளில் இருந்தபோது அது சரி. பக்கத்து வீட்டு அக்கா ஒரு கை சோறு வைத்துவிடுவார். நாயும் கட்டில்லாமல் திரியும். இன்று பூட்டிய கேட்டுக்குள் இருக்கும் பிராணிக்கு யாராவது வந்தால்தான் உண்டு.

சரி, எத்தனை மணி என்று எதை வைத்து முடிவு செய்வது? பிராணியின் தேவையை வைத்துத்தான். வளர்ந்த நாயை 8 மணி நேரத்துக்கு மேல் வெளியே விடாமல் வைப்பது கொடுமை. குட்டிக்கு அதில் பாதிகூடத் தாங்காது. நீரிழிவு உள்ள நாய்க்குப் பொதுவாக 12 மணி நேரத்துக்கு ஒருமுறை, சாப்பாட்டோடு சேர்த்து இன்சுலின் போட வேண்டும். காலை 7, மாலை 7 என்றால் இரவு 9 மணிக்கு வருபவரால் பயனில்லை. பூனை இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தால் கல்லீரலே கெட்டுவிடலாம். ஆகவே, ‘தட்டில் மீதி வைத்தது’ என்பதும் உடனே தெரிவிக்க வேண்டிய செய்திதான்.

தீபாவளி வேறு கணக்கு. பட்டாசுச் சத்தத்தில் வேலி தாண்டும் நாய்கள் உண்டு. கேசரியில் போடும் உலர்ந்த திராட்சையும், வெங்காயமும், சாக்லெட்டும் நாய்க்கு நஞ்சு. அன்று பொழுது சாயும் முன்பே வீட்டில் ஆள் இருக்க வேண்டும். தன் வீட்டுப் பண்டிகையை விட்டு வருகிறவர் கூடுதலாகக் கேட்டால் முகம் சுளிக்காதீர்கள்.

ஓர் ஐயா எழுந்து, “நாய்க்கு இவ்வளவா?” என்றார். நாய்க்கு மட்டுமல்ல, ஐயா, ஒரு பெண்ணின் கூலிக்கும்தான். அமெரிக்காவில் இது ஒரு தொழிலாகவே வளர்ந்து, 1994இல் பேட்டி மோரன் என்ற பெண்மணி இதற்கென்று ‘பெட் சிட்டர்ஸ் இன்டர்நேஷனல்’ என்ற அமைப்பைத் தொடங்கினார். நம் நாட்டிலும் 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் 2017இல் நடைமுறைக்கு வந்தது. வதை செய்தால் 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதம், 3 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

சாவி வாங்கும் முன் ஒருநாள் நேரில் போய்ப் பிராணியோடு பழகுங்கள். வரும் நேரம், போகும் நேரம், இடையில் அது எத்தனை மணி நேரம் தனியாக இருக்கும் என்பதை வாட்ஸ்அப்பில் எழுதி, ‘சரி’ என்று பதில் வாங்குங்கள். கிளினிக்குக்கு ஓட நேர்ந்தால் கேட்காமல் எவ்வளவு செலவு செய்யலாம்? நெடுஞ்சாலை நெரிசலில் உரிமையாளர் தாமதமானால் மணிக்கு எவ்வளவு? இரவு 10 மணிக்கு மேல் அவசரத்துக்கு மட்டும் அழைப்பு என்பதையும் சேருங்கள். அதிகாலை 2 மணிக்கு ‘டாமி தூங்குதா?’ என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அது தூங்கியிருக்கும், இவர்தான் எழுந்துவிட்டார்!

அந்தச் சகோதரி இப்போது ‘மாலை 6 முதல் காலை 7 வரை, பகலில் வேறு ஆள் வேண்டும்’ என்று முதலிலேயே எழுதிவிடுகிறாராம். பணம் பிடித்த அதே குடும்பம் மறுபடி அழைத்தது. பகலுக்குப் பாட்டியை ஏற்பாடு செய்துவிட்டு, கீழே அவர்களும் ஒரு வரி சேர்த்தார்கள்: ‘டாமி கெஞ்சினாலும் முறுக்கு கொடுக்க வேண்டாம்.’