காது அடைப்பும் இரைச்சலும்

"காது அடைத்துக்கொண்டது", "காதில் வண்டு ரீங்காரமிடுவது போல் இரைகிறது" என்று கூறுவோரைக் கிராமங்களில் அடிக்கடி காண்கிறோம். உடனே எண்ணெயைக் காய்ச்சி ஊற்றுவதும், கொண்டை ஊசியாலோ தீக்குச்சியாலோ குடைவதும் நெடுநாளைய வழக்கம். இதனால் செவிப்பறை கிழிந்து, கேட்கும் சக்தி குன்றுவதும் உண்டு. அடைப்பும் இரைச்சலும் தனி நோய்கள் அல்ல. வேறொரு கோளாற்றின் அறிகுறிகளேயாகும். ஆதலின், காரணத்தை அறிந்த பின்னரே பரிகாரம் தேட வேண்டும்.

அடைப்பு ஏன் உண்டாகிறது?

செவிப்பறைக்கு உட்புறம் காற்று நிறைந்த சிறு அறை ஒன்றுள்ளது. அதிலிருந்து மூக்கின் பின்புறத்திற்கு மெல்லிய குழல் ஒன்று செல்கிறது. நாம் விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் இக்குழல் திறந்து, செவிப்பறையின் இருபுறமும் காற்றின் அழுத்தத்தைச் சமப்படுத்துகிறது. ஜலதோஷத்தில் குழல் வீங்கி மூடிக்கொள்வதால் காது அடைக்கிறது. சுமார் 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையிலிருந்து பேருந்தில் இறங்குவோர்க்கு நேரும் அடைப்பும் அழுத்த மாறுபாட்டால் வருவதே. எச்சிலை விழுங்கினாலும், மிட்டாய் சுவைத்தாலும் அது பெரும்பாலும் நீங்கிவிடும்.

காதுக் குறும்பி இயற்கை அளித்த பாதுகாப்பு. பெரும்பாலும் தானே வெளியேறிவிடும். குடைந்தால் உள்ளே தள்ளப்பட்டு இறுகிவிடும். கிணற்றிலோ குளத்திலோ குளித்தவுடன் காது அடைத்தால், குறும்பி நீரில் ஊறிப் பருத்தது காரணமாக இருக்கலாம்.

இரைச்சலின் காரணங்கள்

நத்தைக் கூடு போன்ற உட்செவியில் ஓசையை உணரும் நுண்ணிய அணுக்கள் உள்ளன. 85 டெசிபெல்லுக்கு மேற்பட்ட ஓசையில் நாள்தோறும் 8 மணி நேரம் உழைத்தால் இவை நாளடைவில் அழியக்கூடும். அழிந்தவை மீண்டும் உண்டாவதில்லை. கதிரடிக்கும் இயந்திரம், பழைய டிராக்டர், அரவை ஆலை ஆகியவற்றின் அருகில் வேலை செய்வோர் காதடைப்பான் அணிதல் அவசியம். முதுமை, இறுகிய குறும்பி, காதில் சீழ், அளவு மிஞ்சிய ஆஸ்பிரின், ஸ்ட்ரெப்டோமைசின் போன்ற சில மருந்துகள் ஆகியவையும் இரைச்சலை உண்டாக்கலாம். எனினும், மருத்துவரைக் கேளாமல் மருந்தை நிறுத்தலாகாது.

செய்ய வேண்டியவை

குறும்பியையும் சீழையும் நீக்கினால் இரைச்சல் குறைவதுண்டு. நீடித்த இரைச்சலை அடியோடு போக்கும் மருந்து இல்லை. ஆயினும் அச்சம் வேண்டா. இரவின் அமைதியில் இரைச்சல் பெரிதாகத் தோன்றும். மின்விசிறியின் மெல்லோசை ஆறுதல் தரும். காது மந்தமானவர்க்குக் கேட்கும் கருவி உதவும். நாளடைவில் பலருக்கு இரைச்சல் பழகிவிடும்.

திடீரெனக் காது கேளாமற்போதல், ஒரு காதில் மட்டும் நீடிக்கும் இரைச்சல், நாடித்துடிப்போடு ஒத்தொலித்தல், தலைசுற்றல், சீழ், முகம் கோணுதல் ஆகியவை தோன்றினால் தாமதியாது மருத்துவரைக் காண வேண்டும். திடீர்ச் செவிட்டுத்தன்மைக்கு முதல் சில நாட்களில் அளிக்கும் சிகிச்சையே பெரிதும் பயன் தரும்.

பஞ்சாயத்தின் பங்கு

2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி வைப்பதைப் பொதுவாகத் தடுக்கின்றன. திருவிழாக் காலங்களில் இதனைக் கடைப்பிடிக்கச் செய்வதும், பள்ளிச் சிறுவர்களின் காதுகளைச் சோதிக்க ஆரம்ப சுகாதார நிலையத்தின் உதவியைக் கோருவதும் பஞ்சாயத்து அங்கத்தினர்களின் கடமையாகும். இழந்த செவியை மீட்பது அரிது. இருக்கும் செவியைக் காப்பது எளிது.