ஆய்வேடு என்னும் சொல்

"ஆய்வேடு என்பது நீண்ட கட்டுரைதானே, ஐயா?" என்று அரியலூரில் கல்லூரி மாணவி ஒருத்தி என்னை வினவினாள். பக்கக் கணக்கினால் வந்த பெயர் அன்று அது.

கீரை ஆய்வதை நீங்கள் கண்டிருப்பீர்கள். பழுத்ததையும் பூச்சி அரித்ததையும் களைந்து, நல்லதைக் கொள்ளுதல். தொல்காப்பியர் உரியியலில், உள்ள பொருள் மேலும் நுண்மையுறுதலை இச்சொல்லுக்குப் பொருளாக உரைக்கிறார். அடுக்களையும் இலக்கணமும் இங்கே கைகோக்கின்றன! ஏடு என்பது ஓலை. எனவே, ஆய்ந்து தேர்ந்தவற்றைப் பதிந்த ஏடே ஆய்வேடு. இக்காலத்தில் பல்கலைக்கழகப் பட்டத்திற்கென அளிக்கும் நூலை அது குறிக்கும். இதழில் வெளியிடுவது ஆய்வுக் கட்டுரை. வகுப்பிற்கென எழுதும் நான்கு பக்கங்களை ஆய்வேடு என்பது மிகை. கட்டுரையும் எளிய சொல்லன்று. சிலப்பதிகாரத்தில் ஒரு காதைக்கே அது பெயராயிற்று.

ஆய்தல் எத்தகையது என்பதற்கு நம் மண்ணே சான்று. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த பிளான்ஃபோர்டு என்பார், இவ்வட்டாரப் பாறைகளைப் பற்றி 1862இல் ஒரு நூல் வெளியிட்டார். எந்தப் படிவின்மேல் எது கிடக்கிறது, எவ்வடுக்கில் எவ்வுயிரின் எச்சம் உள்ளது என நோக்கி, ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாக அவற்றை வகுத்தார். இப்பெயர்களை நிலவியலார் இன்றும் ஆள்கின்றனர். பண்டு இங்கே கடல் இருந்தது என்று கூறுவது எளிது; கூறத்தக்க சான்றை அடுக்கடுக்காக நிறுவியமையே அந்நூலின் பெருமை.

நான் ஆசிரியனாயிருந்த பள்ளியில், பெரம்பலூரை அடுத்த காரையிலிருந்து வந்த மாணவன் ஒருவன், 'எங்கள் ஊர்' என்னும் தலைப்பில் ஒரு பக்கம் எழுதித் தந்தான். ஓடைக்கரையில் நத்தைபோல் சுருண்ட கற்கள் ஏழு எடுத்ததாகவும், அவற்றுள் இரண்டு உடைந்தவை என்றும், கரையின் மேல்மண்ணில் தேடியும் ஒன்றேனும் கிடைக்கவில்லை என்றும் எழுதியிருந்தான். முன்னுரை இல்லை, பழமொழி இல்லை, முடிவுரையும் இல்லை. "கட்டுரை இலக்கணம் அறிக" என்று சிவப்பு மையால் எழுதி, மதிப்பெண்ணைக் குறைத்தேன்.

அவன் எழுதிய கடைசி வரி ஒரு வினா: "மேலே ஏன் இல்லை?" அதன்கீழ் நான் ஒன்றும் எழுதவில்லை.