எலும்பு இளைத்தவருக்குத் தூக்க மாத்திரையா?

புரோஸ்டேட் புற்றுநோய்க்கு ஹார்மோன் ஊசி போட்டுக்கொள்ளும் ஆண்களில் பலருக்கு இரவுத் தூக்கம் கெடுகிறது. வீட்டார் இதை நோயைப் பற்றிய பயம் என்பார்கள். அக்கம்பக்கத்தார் வயசானால் அப்படித்தான் என்பார்கள். நோயாளியோ, உயிர் போகிற வியாதிக்கு வைத்தியம் பார்க்கும்போது தூக்கத்தைப் பற்றிப் பேசுவதா என்று கூசிப்போய், மூன்று மாதத்துக்கு ஒருமுறை டாக்டரைப் பார்க்கும்போதும் பிஎஸ்ஏ என்ற ரத்தப் பரிசோதனை அளவு எவ்வளவு என்று மட்டும் கேட்டுவிட்டு வருகிறார். பயத்துக்கும் வயதுக்கும் இதில் பங்கு உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் ஊசிக்கும் பெரிய பங்கு உண்டு. மருந்தின் விளைவு என்றால் அதைக் கவனிக்க வேண்டியவர் அந்த மருந்தை எழுதிய டாக்டர். அவரிடம் போகாமல் தெருமுனை மருந்துக்கடைக்குப் போவதால் வரும் ஆபத்து, தூக்கமின்மையைவிடப் பெரியது.

இந்தச் சிகிச்சையின் அடிப்படை எளிது. புரோஸ்டேட் புற்றணுக்கள் வளர டெஸ்டோஸ்டிரோன் வேண்டும். அதை நிறுத்தினால் நோய் அடங்கும் என்பதை 1941இல் சிகாகோவில் சார்லஸ் ஹக்கின்ஸும் கிளாரன்ஸ் ஹாட்ஜஸும் காட்டினார்கள். ஹக்கின்ஸுக்கு 1966இல் நோபல் பரிசு கிடைத்தது. அன்று வழி இரண்டுதான்: விதைகளை அறுத்து எடுப்பது, அல்லது பெண் ஹார்மோன் கொடுப்பது. மூளையிலிருந்து விதைகளுக்குப் போகும் உத்தரவை மருந்தால் நிறுத்தும் வழி, அந்த உத்தரவைத் தரும் ஹார்மோனின் அமைப்பை ஆண்ட்ரூ ஷாலி முதலியோர் 1971இல் கண்டறிந்த பிறகு திறந்தது. லூப்ரோலைடு ஊசிக்கு 1985இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இன்று மாதம் ஒன்று, அல்லது மூன்று மாதத்துக்கு ஒன்று என்று போடப்படும் ஊசிகள் பலவும் அந்த வம்சம்தான். ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் டெசிலிட்டருக்கு 50 நானோகிராமுக்குக் கீழே இறங்க வேண்டும் என்பது வழக்கமான இலக்கு. ஊசிக்குத் தொடர்ந்து செலவு செய்ய முடியாதவர்கள் ஒரே அறுவையோடு முடித்துக்கொள்வதும் நம் நாட்டில் சாதாரணம். ஊசியை நிறுத்தினால் விளைவுகள் மெல்லக் குறைய வாய்ப்புண்டு. அறுவை செய்துகொண்டவருக்கு அந்த வாய்ப்பில்லை. ஆகவே அவருடைய தூக்கத்தை இன்னும் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

டெஸ்டோஸ்டிரோன் போனதும் முதலில் தடுமாறுவது மூளையில் உடல் வெப்பத்தைக் காக்கும் பகுதி. சாதாரணமாக வெப்பம் சிறிது ஏறி இறங்கினால் உடம்பு பொறுத்துக்கொள்ளும். ஹார்மோன் அற்ற நிலையில் அந்தப் பொறுமை சுருங்கிவிடுகிறது. இம்மியளவு ஏறினாலும் மூளை அபாய மணி அடித்து, தோலுக்கு ரத்தத்தைப் பாய்ச்சி, வியர்வையைக் கொட்டவைக்கிறது. முகமும் மார்பும் திடீரென்று தீயாய்க் காயும், சட்டை நனையும், சில நிமிடத்தில் குளிரும். இந்தச் சிகிச்சையில் இருப்பவர்களில் நூற்றுக்கு எண்பது பேர் வரை இதை அனுபவிக்கிறார்கள். மாதவிடாய் நின்ற காலத்தில் பெண்கள் படும் அதே அவதிதான் இது. வீட்டில் மனைவி இருபது வருடத்துக்கு முன்பே இதைத் தாண்டி வந்திருப்பார். அப்போது அது வியாதியாக யார் கண்ணிலும் பட்டிருக்காது. இப்போது கணவருக்கு வந்திருப்பது என்னவென்று அந்த வீட்டில் முதலில் சொல்லக்கூடியவரும் அவர்தான். பெண்களுக்கு வருவது எனக்கு வருமா என்ற கூச்சம் ஒரு நல்ல ஆலோசகரைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு வீணாக்குகிறது.

தூக்கம் பிடிக்க உடம்பின் உள்வெப்பம் கொஞ்சம் இறங்க வேண்டும். அது இறங்கும் நேரத்தில் அனல் எழுந்தால் தூக்கம் கலையும். நம் திண்டுக்கல் சமவெளியில் சித்திரை, வைகாசி இரவுகளில் பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட் தளம் நள்ளிரவு வரை சூட்டைக் கக்கிக்கொண்டிருக்கும். சௌராஷ்டிர நெசவாளர் குடும்பங்கள் பல தலைமுறையாக வாழும் நாகல் நகர் போன்ற நெருக்கமான தெருக்களில் காற்றும் குறைவு. வெளியே வெக்கை, உள்ளே மருந்து எழுப்பும் அனல். இரண்டுக்கும் நடுவில் படுத்திருப்பவரிடம் கவலைப்படாமல் தூங்குங்கள் என்று சொல்லி என்ன பயன்?

பயம்தான் காரணம் என்போருக்கு, கனடாவின் லாவல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோசே சாவார் குழுவின் ஆய்வைக் காட்டலாம். 2013இல் வெளியான அந்த ஆய்வு புரோஸ்டேட் நோயாளிகளின் தூக்கத்தை அவர்கள் பெற்ற சிகிச்சையோடு சேர்த்துப் பார்த்தது. ஹார்மோன் சிகிச்சை பெற்றவர்களிடம் தூக்கமின்மை கூடியது. அந்தக் கூடுதலில் ஒரு பகுதிக்கு இரவு வியர்வை போன்ற பக்கவிளைவுகளே காரணம் என்று தெரிந்தது. நோய் பயம் எல்லாருக்கும் உண்டு. அது ஒன்றே காரணம் என்றால் சிகிச்சைக்குச் சிகிச்சை வித்தியாசம் வந்திருக்கக் கூடாது.

அனலோடு முடிவதுமில்லை. சிறுநீருக்காக இரவில் நாலைந்து தடவை எழுந்திருப்பவர் உண்டு. ஊசியோடு அபிராடெரோன் என்ற ஹார்மோன் தடுப்பு மாத்திரையும் சாப்பிடுபவர்களுக்குக் கூடவே பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு கொடுப்பார்கள்; அதை ராத்திரியில் விழுங்கினால் மூளை விழித்துக்கொள்ளும். காலையில் சாப்பிட முடியுமா என்று ஒரு கேள்வி கேட்டாலே தீரக்கூடிய தொல்லை இது. ஹார்மோன் இறங்குவதால் ரத்தசோகை வரலாம், இடுப்பைச் சுற்றிக் கொழுப்பு ஏறலாம், கொழுப்போடு குறட்டையும் மூச்சுத் தடையும் வரலாம். மனச்சோர்வும் இந்தச் சிகிச்சையின் அறியப்பட்ட விளைவுதான். விடிகாலை மூன்று மணிக்கு விழித்து, பிறகு எதிலும் பிடிப்பில்லாமல் கிடப்பவருக்கு அனலைக் குறைத்தால் மட்டும் போதாது. ஆக, தூக்கம் வரவில்லை என்ற ஒரே புகாருக்குப் பின்னால் ஆறேழு வெவ்வேறு காரணங்கள் இருக்கலாம். எல்லாவற்றுக்கும் ஒரே மாத்திரை என்பது எப்படிச் சரியாகும்?

அந்தத் தூக்க மாத்திரைதான் இந்தக் கட்டுரையின் முக்கியக் கவலை. அல்பிரசோலம், டயசிபாம், சோல்பிடம் ஆகியவை நம் நாட்டில் எச்1 அட்டவணை மருந்துகள். 2014 முதல் நடைமுறையில் உள்ள அந்த விதிப்படி டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது, விற்றதைத் தனிப் பதிவேட்டில் எழுத வேண்டும். ஆனாலும் என்றைக்கோ எழுதிய பழைய சீட்டு, பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த நாலு மாத்திரை என்று அவை கைக்கு வந்துவிடுகின்றன. அறுபத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்கு இந்த வகை மாத்திரைகளைத் தவிர்க்கச் சொல்கிறது முதியோர் மருத்துவத்தில் உலகெங்கும் பின்பற்றப்படும் பீர்ஸ் பட்டியல். காரணம், தள்ளாட்டமும் குழப்பமும் கீழே விழுதலும். எல்லா முதியவருக்கும் பொருந்தும் இந்த எச்சரிக்கை ஹார்மோன் ஊசி போடுபவருக்கு இரட்டிப்பாகப் பொருந்தும். ஏனென்றால் இந்தச் சிகிச்சை எலும்பை இளைக்கவைக்கிறது. நோய் கண்டபின் ஐந்தாண்டுக்கு மேல் வாழ்ந்த அமெரிக்க ஆண்களை ஆராய்ந்து 2005இல் வெளியான பெரிய ஆய்வில், ஹார்மோன் சிகிச்சை பெற்றவர்களில் 19.4 விழுக்காட்டினருக்கு எலும்பு முறிந்திருந்தது; பெறாதவர்களில் 12.6 விழுக்காடு. இளைத்த எலும்பு, இரவில் சிறுநீருக்கு நடக்க வேண்டிய கட்டாயம், மாத்திரை மயக்கம், ஈரமான குளியலறைத் தரை. இவை நாலும் சேரும் இரவில் இடுப்பு எலும்பு முறிந்தால், புற்றுநோய் அடங்கியிருந்தும் மனிதர் படுக்கையில் விழுவார்.

தூங்காதவரும் பகலில் தள்ளாடி விழத்தானே செய்வார் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதனால்தான் தூக்கமின்மையைப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்லவில்லை. விழவைக்காத வைத்தியத்தை முதலில் பாருங்கள் என்கிறேன். எல்லாம் செய்தும் தீராமல், நிலைமையை முழுதும் அறிந்த டாக்டர் சில நாளைக்கு மாத்திரை எழுதினால் அது வேறு கதை.

மருந்துக்கடை மாத்திரைக்குப் பயந்தவர்கள் வேறு இரண்டு பக்கம் ஒதுங்குகிறார்கள். ஒன்று, அரிப்புக்கும் சளிக்கும் தரும் அவில் போன்ற பழைய அலர்ஜி மாத்திரை. கண்ணைச் சொருகவைக்கும் என்பது உண்மை. புரோஸ்டேட் வீக்கம் உள்ளவருக்குச் சிறுநீரை அடைத்துவிடவும் கூடியது. இன்னொன்று அமுக்கரா சூரணம். பாலில் கலந்து குடித்தால் நல்ல உறக்கம் என்று நாட்டு மருந்துக்கடையில் வாங்குவது நம் ஊர் வழக்கம். சித்த மருத்துவத்தில் அதற்கு மதிப்பான இடமும் உண்டு. ஆனால் இந்த நோய்க்கு அது ஆகாத விருந்தாளி. அமுக்கரா, அதாவது அஸ்வகந்தா, ஆண்களின் டெஸ்டோஸ்டிரோனை ஓரளவு கூட்டுவதாகச் சில சிறிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆயிரக்கணக்கில் செலவழித்து எதை இறக்குகிறோமோ அதையே சூரணத்தால் ஏற்ற முயல்வானேன்? கல்லீரல் பாதிப்பும் சிலருக்குப் பதிவாகியிருக்கிறது. அபிராடெரோனும் கல்லீரலைத் தொடும் மருந்துதான். வீட்டு மருந்துதானே என்று மறைக்காமல் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

சரி, பிறகு என்னதான் செய்வது? முதலில் அனலுக்கு மருந்து உண்டு என்பதே நிறையப் பேருக்குத் தெரியாது. பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல் தரும் நைஸ் அமைப்பு, தொல்லை தாங்காதவர்களுக்கு மெட்ராக்சிபுரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் மாத்திரையை நாளுக்கு 20 மில்லிகிராம் வீதம் முதலில் பத்து வாரம் கொடுத்துப் பார்க்கச் சொல்கிறது. வென்லபாக்சின், கபாபென்டின் போன்ற வேறு வகை மருந்துகளும் ஓரளவு உதவும். ரத்தம் உறையும் ஆபத்து, இதயநோய், மற்ற மாத்திரைகள் எல்லாவற்றையும் பார்த்து டாக்டர் முடிவு செய்யட்டும். தானாக வாங்கும் சரக்கில்லை இது. கூடவே ராத்திரிக் காப்பியையும் மதுவையும் காரசாரமான சாப்பாட்டையும் விட வேண்டும். திண்டுக்கல்காரரிடம் ராத்திரி பிரியாணி வேண்டாம் என்று சொல்வது எளிதல்ல, மதியத்துக்கு மாற்றிக்கொள்ளலாம்.

அனல் குறைந்தும் தூக்கம் திரும்பாமல் இருக்கலாம். மாதக்கணக்கில் விழித்துக் கிடந்த உடம்பு, படுக்கையைக் கண்டாலே விழிக்கப் பழகிவிட்டிருக்கும். இதற்கான பயிற்சி முறையைத்தான், மாத்திரைக்கு முன்னால், முதல் சிகிச்சையாகத் தர வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016இல் அறிவித்தது. எத்தனை மணிக்குத் தூங்கினாலும் காலையில் எழுவது ஒரே நேரத்தில். தூக்கம் சொக்கினால்தான் படுப்பது. இருபது நிமிடம் போல வராவிட்டால் எழுந்து வேறிடத்தில் உட்கார்ந்து, மீண்டும் சொக்கியதும் வந்து படுப்பது. உண்மையில் தூங்குவது ஐந்தரை மணி நேரம் என்றால் படுக்கையில் இருப்பதையும் ஏறத்தாழ அவ்வளவாகச் சுருக்கி, தூக்கம் இறுகியபின் கால் மணி, அரை மணியாக நீட்டுவது. கேட்க எளிது, முதல் இரண்டு வாரம் கடுமையாக இருக்கும். பகலில் தலை சுற்றும் முதியவருக்கும், வலிப்பு உள்ளவருக்கும் இந்தச் சுருக்கலை மருத்துவர் கண்காணிப்பில், மெதுவாகச் செய்ய வேண்டும்.

ஒரே கூடத்தில் தறியும் சமையலும் படுக்கையுமாக இருக்கும் வீட்டில் வேறிடத்துக்கு எங்கே போவது என்று கேட்பார்கள். வேறு அறை தேவையில்லை, படுக்கையை விட்டு விலகினால் போதும். வாசற்படியருகே ஒரு நாற்காலி போதுமானது. விடிந்ததும் பாயைச் சுருட்டி மூலையில் வைக்கும் நம் பழக்கம் இந்தப் பயிற்சிக்கு மிகவும் இசைவானது. அதைக் கெடுப்பது பாசம். புற்றுநோய் என்றதும் பிள்ளைகள் கட்டில் வாங்கிப் போட்டு, பகலெல்லாம் படுத்து ரெஸ்ட் எடுங்கப்பா என்கிறார்கள். கட்டிலிலேயே டிவி, கட்டிலிலேயே சாப்பாடு, மத்தியானம் மூன்று மணி நேரக் குட்டித் தூக்கம். ராத்திரிக்கு மிச்சம் என்ன இருக்கும்? ஹார்மோன் சிகிச்சையில் இருந்த 57 ஆண்களை வைத்து ஆஸ்திரேலியாவின் டேனியல் கால்வாவோ குழு 2010இல் வெளியிட்ட ஆய்வில், பன்னிரண்டு வார உடற்பயிற்சி தசையைத் தேற்றியது, அசதியைக் குறைத்தது. அசதி குறைந்தவர் பகலில் படுக்கையைத் தேட மாட்டார். மலைக்கோட்டை அடிவாரம் வரை காலை நடையும், எலும்பின் நிலை பார்த்துச் சிறு பளு தூக்கலும், பாசமான ஓய்வைவிடப் பெரிய உபகாரம்.

இந்தத் தூக்கப் பயிற்சியைப் புற்றுநோயாளிகளிடம் சோதித்த ஆய்வுகள் பெரும்பாலும் மார்பகப் புற்றுநோய்ப் பெண்களிடம் நடந்தவை என்ற ஆட்சேபம் சரியானதே. ஆனால் அந்தப் பெண்களிலும் பலர் ஹார்மோனைத் தடுக்கும் மருந்தால் இதே அனலோடு இரவைக் கழித்தவர்கள். தூக்கம் வராத காரணம் ஒத்திருக்கும்போது வைத்தியத்தை ஆண்களுக்கு மறுக்க முகாந்திரம் இல்லை.

சிலர் இன்னும் சுருக்கமான வழி கேட்கிறார்கள்: ஊசியையே கொஞ்ச காலம் நிறுத்தினால் என்ன? இடைவெளி விட்டுத் தரும் முறை ஒன்று இருக்கத்தான் செய்கிறது. கதிர்வீச்சுக்குப் பிறகு பிஎஸ்ஏ மட்டும் ஏறியவர்களுக்கு அது தொடர் சிகிச்சையைவிடக் குறைந்ததல்ல என்று 2012இல் ஒரு பெரிய ஆய்வு சொன்னது. நோய் பரவிவிட்டவர்களை வைத்து மஹா ஹுசைன் தலைமையில் 2013இல் வெளியான ஆய்வில் நிலைமை வேறு. தொடர்ந்து சிகிச்சை பெற்றோரின் இடைநிலை ஆயுள் 5.8 ஆண்டு, இடைவெளி விட்டோருக்கு 5.1. இடைவெளி முறை ஈடானது என்று அந்த ஆய்வால் நிறுவ முடியவில்லை. யாருக்கு இடைவெளி தகும் என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். தூக்கத்துக்காகத் தானே தவணையைத் தவறவிடுவது கூடாது.

தூக்கப் பயிற்சி தருபவர் திண்டுக்கல்லில் எங்கே என்ற கேள்வி மிஞ்சுகிறது. மாநகரில் உள்ளதுபோல் தனித் தூக்க மருத்துவமனையை எதிர்பார்க்க வேண்டாம். 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட பதினொரு புதிய அரசு மருத்துவக் கல்லூரிகளில் திண்டுக்கல்லும் ஒன்று; முதலில் அங்கே விசாரிக்கலாம். அரசின் மனநல ஆலோசனைக்கு 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் ஊழியரிடம் சர்க்கரை, பிரஷரோடு தூக்கத்தையும் சொல்லலாம். மதுரைக்கு ஊசி போடப் போகிறவர், அதற்கு முந்தைய இரண்டு வாரத்துக்குப் படுத்த நேரம், விழித்த தடவை, வியர்த்த தடவை, சிறுநீருக்கு எழுந்த தடவை, சாப்பிட்ட மாத்திரைகள், குடித்த சூரணம் எல்லாவற்றையும் ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் குறித்து எடுத்துப் போகட்டும். கூட்டம் நெரியும் புறநோயாளிப் பிரிவில் டாக்டருக்குக் கிடைப்பது சில நிமிடம். அனலா, சிறுநீரா, ஸ்டீராய்டா, சோர்வா என்று அந்தத் தாளைப் பார்த்தே அவரால் பிரிக்க முடியும். எலும்பு அடர்த்திப் பரிசோதனை செய்தாயிற்றா என்ற கேள்வியையும் அதே தாளின் கடைசியில் எழுதிக்கொள்ளலாம்.